கொலஸ்ரரோல்: பிழை சட்டியிலா, ஈரலிலா?

"டொக்டர், நான் எண்ணெயில பொரிச்சதைத் தொட்டு எத்தினையோ வருசம். வெள்ளி, செவ்வாய் மச்சமில்லை. ஆளைப் பாருங்கோ, மெலிஞ்சுதானே இருக்கிறன். பிறகெப்பிடி எனக்குக் கொலஸ்ரரோல்?"

இப்படிக் கேட்டவர் 41 வயதுச் சகோதரி ஒருவர். 40 வயது தாண்டியவர்களுக்கு இங்கு நடக்கும் ஹெல்த் செக்கில் இரத்தம் கொடுத்திருந்தார். மொத்தக் கொலஸ்ரரோல் 9.4, அதில் எல்.டி.எல் மட்டும் 7.1 மில்லிமோல். மொத்தம் 5-க்குக் கீழும் எல்.டி.எல் 3-க்குக் கீழும் இருப்பதே நல்லது என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். (அவரது அனுமதியுடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் குளிசை வேண்டாம் என்றார். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பார்க்கிறேன் என்று மூன்று மாத அவகாசம் கேட்டார். முட்டை, இறால், தேங்காய்ப்பால், நெய் எல்லாவற்றையும் விட்டார். வீட்டில் பிள்ளைகளுக்குப் புட்டும் சொதியும் வைத்துவிட்டுத் தான் அவித்த மரக்கறியைச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று மாதத்தின் பின் பார்த்தால் எல்.டி.எல் 6.7. என் முன்னால் இருந்து அழுதார். ஏதோ பரீட்சையில் தவறிவிட்ட பிள்ளை போல.

அவர் எந்தப் பரீட்சையிலும் தவறவில்லை. பிழை அவரது சட்டியிலும் இல்லை, அகப்பையிலும் இல்லை. அவரது ஈரற் கலங்களின் மேற்பரப்பில் இருக்கவேண்டிய ஒரு புரதத்தில் இருந்தது. அந்தப் புரதம் என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதை அறிந்தால் நமது குளிசையையும் நமது குடும்ப வரலாற்றையும் எப்படி வேறு கண்ணால் பார்ப்போம் என்பதுதான் இம்முறை விஷயம். கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பொறுமையாக வாசியுங்கள்.

கொழுப்பு ஏறும் வண்டி

கொலஸ்ரரோல் ஒரு நஞ்சு அல்ல. உடலில் உள்ள ஒவ்வொரு கலத்தின் சுவருக்கும் அது தேவை. சில ஹோர்மோன்களும், சமிபாட்டுக்கு வேண்டிய பித்த உப்புக்களும் அதிலிருந்துதான் செய்யப்படுகின்றன. தேவையானதில் பெரும்பகுதியை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. முட்டையே தின்னாதவருக்கும் கொலஸ்ரரோல் இருப்பது அதனால்தான்.

சிக்கல் என்னவென்றால் கொலஸ்ரரோல் தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல இரத்தத்தில் மிதந்தால் நாம் உயிரோடு இருக்க முடியாது. ஆகவே உடல் அதைச் சிறு உருண்டைகளாகப் பொதி செய்து அனுப்புகிறது. எல்.டி.எல் என்பது அப்படியான ஓர் உருண்டை. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான். உள்ளே ஏறக்குறைய 1500 கொலஸ்ரரோல் எஸ்ரர் மூலக்கூறுகள். வெளியே தண்ணீரோடு ஒத்துப்போகும் ஒரு மெல்லிய கொழுப்புப் போர்வை. அந்தப் போர்வையைச் சுற்றிக் கச்சை கட்டியது போல ஒரேயொரு பெரிய புரதம். அதன் பெயர் அப்போ-பி 100. 4536 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது.

இந்தப் புரதம் உருண்டையைச் சிதறாமல் வைத்திருக்கிறது. அதோடு, எங்கே இறங்கவேண்டும் என்ற விலாசமும் அதில்தான் எழுதியிருக்கிறது. அந்த விலாசத்தை வாசிப்பதற்கு ஒருவர் வேண்டுமல்லவா? கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் அந்த ஆளைத்தான் எல்.டி.எல் வாங்கி என்கிறோம். வாங்கி என்றால் வாங்கிக்கொள்பவர். அவ்வளவுதான்.

டலஸ் நகரத்துத் தோல் கலங்கள்

இந்த வாங்கியைக் கண்டுபிடித்த கதை, ஒரு மருத்துவனாக எனக்கு மிகவும் பிடித்த கதை. ஏனென்றால் அது நோயாளியின் கட்டிலருகே தொடங்கி ஆய்வுகூடத்துக்குப் போய், திரும்பவும் நோயாளியிடம் வந்த கதை.

மைக்கல் பிறவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் என்ற இரண்டு இளம் வைத்தியர்கள். பொஸ்ரன் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி பெறும்போது நண்பர்களானவர்கள். 1968-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சிறுமியையும் அவளது அண்ணனையும் பார்த்தார்கள். அவளுக்கு 6 வயது, அவனுக்கு 8. அந்த வயதிலேயே இருதய வருத்தம். கொழுப்பு உணவு தின்று தின்று வந்த வருத்தம் என்று 6 வயதுப் பிள்ளையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாதல்லவா? இது பரம்பரையாக வரும் ஒன்று என்பது அப்போதே தெரியும். 1938-ல் நோர்வேயில் கார்ல் முல்லர் என்ற வைத்தியர் இப்படியான குடும்பங்களை விபரித்திருந்தார். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுது வந்தால் நடுத்தர வயதில் மாரடைப்பு, இருவரிடமிருந்தும் வந்தால் சிறுவயதிலேயே என்பதை 1960களில் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து காட்டியவர் பெய்ரூட்டில் பணியாற்றிய கச்சதூரியன். ஆனால் பழுது எங்கே என்பது எவருக்கும் தெரியவில்லை.

பின்னர் இருவரும் ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் சேர்ந்து வேலை செய்தார்கள். நோயாளியின் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதன் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண ஆட்களின் தோல் கலங்களும் பக்கத்தில் வளர்ந்தன. அவர்கள் பார்த்தது இதுதான். வளர்க்கும் திரவத்தில் எல்.டி.எல் இல்லாவிட்டால் சாதாரண கலம் தனக்கு வேண்டிய கொலஸ்ரரோலைத் தானே சமைக்கும். எல்.டி.எல் ஊற்றினால் சமையலை நிறுத்திவிடும். வெளியிலிருந்து சாப்பாடு வந்தால் வீட்டில் அடுப்பை அணைப்பது போல. நோயாளியின் கலமோ எவ்வளவு எல்.டி.எல் ஊற்றினாலும் அடுப்பை அணைக்கவேயில்லை. சமைத்துக்கொண்டே இருந்தது.

இப்போது இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அடுப்பே பழுது, அணைக்க முடியாது. மற்றது, சாப்பாடு வாசலுக்கு வந்தது உள்ளே இருப்பவருக்குத் தெரியவில்லை. எது சரி? அவர்கள் செய்த பரிசோதனை மிகவும் எளிமையானது. கொலஸ்ரரோலை எதனோல் என்ற மதுசாரத்தில் கரைத்து நேரடியாகக் கலத்தின் மேல் ஊற்றினார்கள். அது வாங்கி இல்லாமலே சுவரை ஊடுருவி உள்ளே போகும். உடனே நோயாளியின் கலமும் அடுப்பை அணைத்தது! அடுப்பில் பழுது இல்லை. வாசலில்தான் பழுது.

1974-ல் எல்.டி.எல் உருண்டைகளில் கதிரியக்க அயடீனை ஒட்டி எங்கே போகின்றன என்று எண்ணினார்கள். சாதாரண கலத்தில் அவை போய் இறுக்கமாக ஒட்டிக்கொண்டன. கடும் நோய் உள்ள பிள்ளைகளின் கலங்களில் ஒட்டவேயில்லை. வாங்கி என்ற ஒன்று இருக்கிறது, இவர்களில் அது இல்லை என்பது அன்று நிரூபணமானது. 1985-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கைகொடுத்து உள்ளே இழுப்பது

கொழுப்பும் புரதமும் வாங்கியும் சந்திக்கும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது? வாங்கியின் வெளிப்பக்கத்தில் எதிர் மின்னேற்றம் கொண்ட சிறு பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. அப்போ-பி புரதத்தில் ஓர் இடத்தில் நேர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வாங்கி சரியான வடிவத்தில் நிற்பதற்குக் கல்சியம் வேண்டும். பற்றிய பின் கலத்தின் சுவர் அந்த இடத்தில் குழிந்து, ஒரு சிறு பையாகக் கழன்று உள்ளே போகிறது. உள்ளே போனதும் பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் பட்டதும் வாங்கி கையை விட்டுவிடும். எல்.டி.எல் கலத்தின் சமிபாட்டு அறைக்குப் போய் உடைபடும். கைவிட்ட வாங்கியோ திரும்பவும் மேற்பரப்புக்கு வந்து அடுத்த உருண்டைக்காகக் காத்து நிற்கும்.

இப்படி ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 10 நிமிடம். ஒரு வாங்கியின் ஆயுள் சுமார் 20 மணித்தியாலம். அதற்குள் நூறு தடவைக்கு மேல் போய்வந்துவிடும். நம்மூர் மினிபஸ் கூட இவ்வளவு ஓடாது.

பழுது இந்தப் பயணத்தில் எந்த இடத்திலும் வரலாம். சில குடும்பங்களில் வாங்கி செய்யப்படுவதே இல்லை. சிலவற்றில் செய்யப்பட்டு, மேலே வராமல் உள்ளேயே தேங்கிவிடுகிறது. சிலவற்றில் மேலே வந்தும் பற்றிக்கொள்ளத் தெரியாது. ஒரு நோயாளியின் வாங்கி எல்.டி.எல்-ஐ நன்றாகவே பற்றியது, ஆனால் அந்தக் குழிக்குள் போய்ச் சேரவில்லை. 800க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது! வேறு சில குடும்பங்களில் வாங்கியில் குறையே இல்லை. அப்போ-பி புரதத்தில் விலாசம் பிழையாக எழுதப்பட்டிருக்கும். எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். உருண்டைகள் இறங்க இடமில்லாமல் இரத்தத்தில் நாட்கணக்காகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் நாடிச் சுவர்களுக்குள் புகுந்து படிகின்றன.

உடலில் இந்த வாங்கிகள் மிக அதிகமாக வேலை செய்யும் இடம் ஈரல். 1984 பெப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரில் ஸ்ரோமி ஜோன்ஸ் என்ற 6 வயதுச் சிறுமிக்கு இருதயத்தோடு ஈரலையும் சேர்த்து மாற்றினார்கள். அவளுக்கு இருதயம் பழுதாகியிருந்தது சரி, ஈரலை ஏன் மாற்றவேண்டும்? புதிய ஈரலில் நல்ல வாங்கிகள் இருந்தன. 1000 மில்லிகிராமுக்கு மேல் இருந்த கொலஸ்ரரோல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்தப் பிள்ளை 1990-ல் இறந்துபோனாள். அவளிடமிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

குளிசை கொழுப்பைக் கரைப்பதில்லை

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஸ்ரற்றின் குளிசை நாடியில் படிந்த கொழுப்பைச் சவர்க்காரம் போலக் கரைக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். அதனால்தான் "இப்ப நம்பர் இறங்கிட்டுது, இனி ஏன் போடுவான்?" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. கலத்துக்குள் கொலஸ்ரரோல் சமைக்கும் அடுப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ரோக்கியோவில் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி அந்த அடுப்பை அணைக்கும் பொருள் ஏதாவது பூஞ்சணங்களில் இருக்கிறதா என்று ஏறக்குறைய 6000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சணத்தில் அது அகப்பட்டது. பென்சிலின் தந்த பூஞ்சணத்தின் உறவுக்காரன்தான். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் போடும் ஸ்ரற்றின் குளிசைகளுக்கு அதுவே மூலம். எண்டோ 2024-ல் தனது 90-வது வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அடுப்பை அணைத்தால் ஈரற் கலத்துக்குப் பட்டினி. கலம் சும்மா இருக்குமா? வெளியிலிருந்து சாப்பாடு எடுப்பதற்காக மேற்பரப்பில் மேலும் மேலும் வாங்கிகளைச் செய்து நிறுத்துகிறது. அந்த வாங்கிகள்தான் இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்-ஐ இழுத்து எடுக்கின்றன. குளிசையை நிறுத்தினால் சில வாரங்களில் வாங்கிகள் பழையபடி குறையும், எல்.டி.எல் பழைய இடத்துக்கே ஏறும். காய்ச்சலுக்குப் பனடோல் போடுவது போல இதைப் போட முடியாது.

இந்தக் குளிசையால் உயிர் தப்புமா என்று கேட்பவர்களுக்கு: 1994-ல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் 4444 இருதய நோயாளிகளை ஐந்து வருடங்களுக்கு மேல் பார்த்தார்கள். வெற்றுக் குளிசை போட்டவர்களில் 256 பேரும், சிம்வஸ்ரற்றின் போட்டவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையான ஆட்கள்தான்.

மற்றது தசை நோவு. "ஸ்ரற்றின் போட்டால் உடம்பெல்லாம் உளையுதாம்" என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னால் அடுத்த கிழமை எனக்குப் பத்துப் பேர் வருவார்கள். உண்மையான தசைப் பாதிப்பு சிலருக்கு வரும், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பக்கவிளைவுகளால் ஸ்ரற்றினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்ரற்றின், சில மாதம் வெற்றுக் குளிசை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எது என்று சொல்லவில்லை. ஸ்ரற்றின் போட்ட மாதங்களில் கூடிய உபாதையில் 90 வீதமானது வெற்றுக் குளிசை போட்ட மாதங்களிலும் இருந்தது. நோவு பொய் என்று இதற்குப் பொருளல்ல. நோவு மெய், குளிசையின் மேல் போடும் பழிதான் அநேகமாகப் பிழை. ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். வந்து சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்ரற்றினுக்கு மாறலாம். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மட்டும் கருத்தரிக்க முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே வைத்தியருடன் பேசி ஸ்ரற்றினை நிறுத்தவேண்டும்.

இங்கே ஒரு புதினமான விஷயம். ஸ்ரற்றின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல் மேலும் ஆறு வீதமளவில்தான் இறங்கும். ஏன்? 2003-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் சில பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே 9 என்ற இன்னொரு புரதத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். இது வாங்கியில் தொற்றிக்கொண்டு, அது மேலே திரும்ப விடாமல் சமிபாட்டு அறைக்கு இழுத்துச் சென்று அழிக்கும் புரதம். ஸ்ரற்றின் போடும்போது கலம் வாங்கியையும் கூடச் செய்கிறது, இந்தப் புரதத்தையும் கூடச் செய்கிறது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போல.

சிலருக்குப் பிறப்பிலேயே இந்தப் புரதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. 2006-ல் டலஸ் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களில் அப்படியானவர்களைப் பார்த்தார்கள். எல்.டி.எல் 28 வீதம் குறைவு. 15 வருடத்தில் இருதய நோய் 88 வீதம் குறைவு. 28 எப்படி 88 ஆனது? பிறந்த நாளிலிருந்தே குறைவு என்பதால். எல்.டி.எல் எவ்வளவு என்பதோடு எத்தனை வருடமாக என்பதையும் பெருக்கிப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இன்று இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் உள்ளன. 2015 முதல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போடும் வகை வந்தது. பின்னர் ஈரல் அந்தப் புரதத்தைச் செய்யாமலே தடுக்கும் இன்கிளிசிரான் வந்தது. தொடக்க ஊசிகளின் பின் ஆறு மாதத்துக்கு ஒன்றுதான். இங்கிலாந்தில் 2021 முதல் தகுதியானவர்களுக்கு என்.எச்.எஸ் மூலம் கிடைக்கிறது.

அப்ப தேங்காய்ப்பால்?

கேட்பீர்கள் என்று தெரியும். தேங்காயில் கொலஸ்ரரோல் கிடையாது. போத்தலில் அப்படிப் போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அதில் நிரம்பிய கொழுப்பு மிக அதிகம். நிரம்பிய கொழுப்பு ஈரலில் வாங்கிகளின் வேலையைக் குறைத்துவிடும். தேங்காய் எண்ணெயை மற்றைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் பார்த்தபோது எல்.டி.எல் சராசரியாக 10 மில்லிகிராம் அளவில் கூடியிருந்தது. நமது மில்லிமோல் கணக்கில் கால் பங்கு. வாங்கி நன்றாக உள்ளவருக்கு இதைக் குறைப்பதால் பயன் உண்டு, குறையுங்கள். பாதி வாங்கியோடு பிறந்தவருக்கு 7.1 என்பது 6.7 ஆகும். நமது சகோதரிக்கு நடந்தது அதுதான்.

ஏக்கம் என்று சொல்லி மூடிய கதை

அழுது முடித்தபின் அவரிடம் கேட்டேன். "தங்கச்சி, அப்பா இருக்கிறாரோ?"

"இல்லை டொக்டர். 95 இடப்பெயர்வோட செத்துப்போனார். எனக்கு அப்ப 12 வயசு. அவருக்கு 44. வீடு வாசலை விட்டிட்டு வந்த ஏக்கம். சாவகச்சேரியில நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்."

நம்மில் எத்தனை குடும்பங்களில் இப்படி ஒரு கதை இருக்கிறது! அந்த இடப்பெயர்வில் மருத்துவ மாணவனாக நானும் நடந்தவன்தான். அன்று கேட்டிருந்தால் நானும் ஏக்கம் என்றே நம்பியிருப்பேன். ஏக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் 44 வயதில் மாரடைப்பு வந்த தகப்பன், 41 வயதில் எல்.டி.எல் 7.1 உள்ள மகள். இரண்டையும் சேர்த்து வைத்தால் வேறு கதை தெரிகிறது. காலைக் காட்டச் சொன்னேன். குதிக்காலின் பின்பக்கத் தசைநாண் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தது. செருப்பு உரஞ்சி வந்தது என்று நினைத்திருந்தாராம். "அப்பாவுக்கும் உப்பிடித்தான் இருந்தது. கண்ணிலயும் வெள்ளை வளையம். வயசு போகேக்கை வாறது எண்டு அம்மம்மா சொல்லுவா." 44 வயதிலா வயசு போவது?

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எல்.டி.எல் வாங்கியின் பரம்பரையலகு ஒன்றில் பழுது உறுதியானது. குடும்பவழி உயர் கொலஸ்ரரோல் என்பது இதன் பெயர். அபூர்வமான வருத்தம் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு 500 பேர் வந்தால் மண்டபத்தில் இருவர் இருக்கலாம். பெரும்பாலானோர் கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் 50 வயதுக்குள்ளும், பெண்களில் குறைந்தது 30 வீதமானோருக்கு 60 வயதுக்குள்ளும் இருதய நாடி வருத்தம் வரும் என்பது இந்நாட்டு வழிகாட்டியின் கணக்கு. காலத்தோடு தொடங்கினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

சகோதரிக்கு அற்றோவஸ்ரற்றின் 80 மில்லிகிராமும், குடலில் கொலஸ்ரரோல் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசற்றிமைப் 10 மில்லிகிராமும் கொடுத்தோம். இப்போது எல்.டி.எல் 2.9. சொதி மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது, இரண்டாம் பாலில்.

ஆனால் வேலை அங்கு முடியவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு சந்தர்ப்பம். இந்த நாட்டவர்களுக்கு இது இலகு. அக்கா பக்கத்து ஊர், சித்தப்பா அடுத்த தெரு, எல்லோரையும் ஒரே கிளினிக்குக்குக் கூப்பிடலாம். நமக்கு? மூத்த அக்கா யாழ்ப்பாணத்தில், அண்ணா ரொறன்ரோவில், தம்பி பாரிஸில். எந்தக் கிளினிக் இவர்களைக் கூப்பிடும்? நாமேதான் கூப்பிடவேண்டும்.

மரபணு முடிவு வந்தவர்கள் கிளினிக்கில் கேட்டால் உறவினருக்கான கடிதம் தருவார்கள். எந்தப் பரம்பரையலகில் என்ன மாற்றம் என்பது அதில் இருக்கும். அதைக் கொண்டுபோனால் அங்குள்ள வைத்தியர் முழுவதையும் தேடத் தேவையில்லை, அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும். மரபணுப் பரிசோதனை கிடைக்காத இடத்தில் சாதாரண எல்.டி.எல் பரிசோதனையே பெரும்பாலும் வழிகாட்டும். தொலைபேசியில் இலக்கங்களை ஒப்பிடும்போது கவனம். இங்கும் கனடாவிலும் மில்லிமோல், ஊரில் மில்லிகிராம், பிரான்சில் பெரும்பாலும் லீற்றருக்கு இத்தனை கிராம். 7.1 மில்லிமோல் என்பதும் 275 மில்லிகிராம் என்பதும் 2.75 கிராம் என்பதும் ஒன்றுதான். "எனக்கு 2.5 தானே, உனக்கு 7 எல்லோ" என்று தம்பி நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

எதைக் கண்டால் உங்கள் ஜீ.பி-யிடம் இதைப் பற்றிக் கேட்கவேண்டும்? மொத்தக் கொலஸ்ரரோல் 7.5-க்கு மேல், அல்லது எல்.டி.எல் 4.9-க்கு மேல் இருந்தால். பெற்றோர், சகோதரரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால். குதிக்காலிலோ விரல் மொழிகளிலோ முடிச்சு இருந்தால், 45 வயதுக்கு முன் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால். பெற்றோரில் ஒருவருக்கு உறுதியாகியிருந்தால் பிள்ளைகளை 10 வயதுக்குள் சோதிப்பது நல்லது. சிறுபிள்ளைக்குக் குளிசையா என்று பதறவேண்டாம். எத்தனை வருடமாக என்ற அந்தப் பெருக்கற் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலுள்ள அக்காவுக்கு ஒன்றுமில்லை. ரொறன்ரோ அண்ணா 47 வயது, நெஞ்சு நோவே வந்ததில்லை என்றார். எல்.டி.எல் 6.2. அஞ்சியோகிராமில் ஒரு நாடி 80 வீதம் அடைத்திருந்தது, ஸ்ரென்ற் வைத்தார்கள். சகோதரியின் மகனுக்கு இல்லை, 9 வயது மகளுக்கு இருக்கிறது. பாரிஸ் தம்பி மட்டும் கடை வேலை, நேரமில்லை என்று இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. 39 வயது. ஒவ்வொரு ஞாயிறும் அக்காவும் அண்ணாவும் மாறி மாறி அவருக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்.

இந்த மலர் கையில் கிடைத்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் யார், அப்போது அவர்களுக்கு என்ன வயது. ஏக்கம், செய்வினை, பயம் என்று என்ன காரணம் சொன்னாலும் அதையும் அருகில் எழுதி, அடுத்த முறை ஜீ.பி-யிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.